புருவம் தூக்கினால் ஆம்

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு என்றால் கூட்டத்தில் நடந்ததை எழுதுவது என்று பொதுமக்கள் நினைக்கிறார்கள். தலைமைச் செயலகத்தில் முப்பத்து நான்கு வருடம் அதை எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி இல்லை. என்ன நடந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று மேலே உட்கார்ந்திருப்பவர் நினைக்கிறாரோ அதை எழுதுவதுதான் அது. இந்த ஞானத்தோடு ஓய்வு பெற்று, நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் இருந்த மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இனி யாருடைய குறிப்பையும் திருத்த வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தேன். 2006-ல் அந்த நிம்மதி போயிற்று.

எங்கள் அடுக்குமாடி வளாகத்தில் காலை ஒன்பது மணிக்கு மேல் மிஞ்சுகிறவர்கள் கார் ஓட்டத் தெரியாதவர்கள் மட்டும்தான். சென்னையிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் ஷாங்காயிலிருந்தும் பிள்ளைகள் வரவழைத்த பெற்றோர்கள். நடக்கலாம் என்றால் நடைபாதை வளாகத்தின் வாசலோடு நின்றுவிடும். நூலகம் மூன்று மைல். சீனியர் சென்டர் அதற்குப் பக்கத்தில். முதியோருக்கென்று டவுன்ஷிப் ஒரு வெள்ளை வேன் வைத்திருந்தது. அது ஊரைச் சுற்றி ஆட்களை ஏற்றிக்கொண்டு சென்டருக்குப் போகும். எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். நிற்காது.

கீழ்வீட்டில் கீழக்கரைக்காரர் ஒருவர் இருந்தார். கொழும்பில் கடை நடத்திவிட்டு மகனோடு வந்து சேர்ந்தவர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை மேடம் என்பார். தினமும் பத்து மணிக்கு வாசலில் நின்று வேனுக்குக் கை காட்டுவார்.

"டிரைவர் நல்ல மனுசன் மேடம். தெனமும் திருப்பிக் கை காட்டுறாரு. நிப்பாட்டத்தான் மாட்டேங்குறாரு."

"ரூட்ல நம்ம இடம் இல்ல பாய். அவர் என்ன பண்ணுவார்?"

"அப்ப ரூட்டு போடுறது யாருண்டு கேளுங்களேன். நீங்கதான் சர்க்கார்ல இருந்தவங்களாச்சே."

கேட்டேன். சென்டருக்கு ஏழு பேர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று இருந்தது. வேனின் பாதையை வருடத்துக்கு ஒருமுறை அந்தக் குழு தீர்மானித்து டவுன்ஷிப்புக்கு அனுப்பும், டவுன்ஷிப் அப்படியே ஏற்றுக்கொள்ளும். குழுவில் இரண்டு இடம் காலி. துணைவிதிகளை வாங்கிப் படித்தேன். பதினொரு பக்கம். உறுப்பினர் 'இந்த ஊரில் வசிப்பவர்' ஆக இருக்க வேண்டும் என்று இருந்ததே தவிர, குடியுரிமை உள்ளவர் என்று எங்கும் இல்லை. கிரீன் கார்டு போதும். மனுப் போட்டேன். போட்டியில்லாமல் தேர்வானேன்.

என்னோடு இன்னொரு காலி இடத்துக்கும் ஒரு பெண் போட்டியில்லாமல் தேர்வாகியிருந்தார். குட்டையான, அகலமான முகம் கொண்ட பெண்மணி. வயது என்னைவிட இரண்டு மூன்று கூட இருக்கும். முதல் கூட்டத்தில் தலைவர் அவரை அறிமுகப்படுத்தினார். தலைவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் ஓய்வு பெற்றவர். பதினோரு வருடமாக அந்த நாற்காலியில் இருந்ததால் நாற்காலி அவர் உடம்புக்கேற்ப குழிந்திருந்தது.

"இவர் எஸ்கிமோ. கனடாவின் வடகோடியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார்."

"இனுவிட்" என்றார் அந்தப் பெண்மணி.

"இரண்டும் ஒன்றுதானே?"

அவர் மூக்கைச் சுருக்கினார். சென்டரின் காப்பி வாடை தாங்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

என் பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்திலும் ரோமச் சட்டையோடு பனிக்கட்டி வீட்டின் முன்னால் ஒரு குடும்பம் நிற்கும். அதைப் பற்றிக் கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். எங்கள் மாதிரி சர்க்கார் ஆட்களுக்கெல்லாம் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான். அதையே கேட்டேன்.

"என்ன பதவியில் இருந்தீர்கள்?"

"எங்கள் ஊருக்கு மேயர். மூன்று முறை."

"அதற்கு முன்னால்?"

"அதே கவுன்சிலில் கிளார்க். கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்."

அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவருடைய ஊர் ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். சாலை வழியாகப் போக முடியாது, விமானத்தில்தான் போக வேண்டும். நிலம் வருடம் முழுக்க உறைந்து கிடப்பதால் குழாய் பதிக்க முடியாது. வீட்டுக்கு வீடு லாரியில்தான் தண்ணீர். கழிவுநீரை எடுக்க இன்னொரு லாரி. மேயரின் வேலை என்பது முக்கால்வாசி இந்த இரண்டு லாரிகளும் ஓடுகின்றனவா என்று பார்ப்பது, ஒன்று வரவேண்டிய இடத்துக்கு மற்றது முதலில் வந்துவிடாமல் பார்ப்பது. இதை அவர் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசையில் சீட்டாடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வறட்சிக் காலத்துச் சென்னையில் தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்ற கோப்பு என் மேசை வழியாகப் போயிருக்கிறது. வட துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் அதே தலைவலியோடு இருந்தாள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். இரண்டு பேருக்கும் அது பள்ளிக்கூடத்து மொழி. எனக்கு மார்க்குக்காக, அவருக்கு அடிக்குப் பயந்து. அவர் அதிகம் பேசமாட்டார். நான் எதைச் சொன்னாலும் புருவத்தைத் தூக்குவார். எதற்கெடுத்தாலும் ஆச்சரியப்படுகிற வெகுளி என்று எடுத்துக்கொண்டேன். கூட்டம் நடக்கும்போது மடியில் சீல் என்கிற கடல்நாயின் தோலை வைத்துக் கையுறை தைத்துக்கொண்டிருப்பார். தலைவருக்கு அது பிடிக்காது. துணைவிதியில் தையலுக்குத் தடை இல்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். அதிலிருந்து தலைவருக்கு என்னையும் பிடிக்காது.

வேன் எங்கள் வாசலில் நிற்க வேண்டும் என்று தீர்மானம் தயாரித்தேன். மூன்று பத்தி, ஏழு 'ஆகவே'. மேயரிடம் காட்டினேன். படித்துவிட்டு என் பேனாவை வாங்கி, கடைசி வரியைத் தவிர மற்றதையெல்லாம் அடித்தார். மிச்சம் இருந்தது இதுதான்: 'வேன் அங்கேயும் நிற்கும்.'

"காரணம் வேண்டாமா?"

"லாரி ஏன் வரவேண்டும் என்று ஜனங்கள் எனக்கு எழுதித் தரவில்லை. வரவில்லை என்றுதான் சொன்னார்கள்."

குழுவில் ஒரு சீனப் பேராசிரியர் இருந்தார், எங்கள் வளாகத்திலேயே குடியிருப்பவர். அவர் முன்மொழிந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு கறுப்பினப் பெண்மணி வழிமொழிந்தார். தலைவரும் அவர் சொன்னபடி கேட்கிற இரண்டு பேரும் எதிர்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நாங்கள் நான்கு, அவர்கள் மூன்று. கூட்டல் கணக்குத் தெரிந்த யாருக்கும் முடிவு தெரியும்.

தலைவர் பேசினார். "உங்கள் பிள்ளைகள் எல்லோரும் கார் வைத்திருக்கிறார்கள். கொண்டுவந்து விட யாரும் இல்லாதவர்களுக்கான வேன் இது."

"என் மகளின் கார் என் மகளோடு ஆபீசுக்குப் போகிறது" என்றேன். "புதன்கிழமை மட்டும் வீட்டிலிருந்து வேலை செய்கிறாள். அவளுடைய ஒரு மீட்டிங்குக்கும் அடுத்த மீட்டிங்குக்கும் நடுவில் என்னைப் பார்சல் மாதிரி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறாள். பார்சலாவதற்கு நான் ஓய்வு பெறவில்லை."

பெயர் சொல்லி வாக்கு எடுத்தார்கள். டவுன்ஷிப் அலுவலகத்திலிருந்து குறிப்பெழுத வரும் பெண், தலையைக் குனிந்தபடி பெயரைக் கூப்பிடுவாள், பதிலை எழுதுவாள். பேராசிரியர் 'யெஸ்' என்றார். பஸ் ஓட்டியவர் சுவர் அதிர 'யெஸ்' என்றார். என் பெயரை அவள் வழக்கம்போல நடுவில் உடைத்து இரண்டு பேராக ஆக்கிக் கூப்பிட்டாள். நான் பதில் தந்தேன். மேயரின் பெயர் வந்தபோது காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பேனா காகிதத்தில் ஓடியது. மற்ற மூன்று பேரும் அதற்கு முன்பே 'நோ' சொல்லியிருந்தார்கள். தலைவர் காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

"தீர்மானம் தோற்றது. கூட்டம் முடிந்தது."

எனக்கு முதுகில் யாரோ தட்டித் தள்ளியதுபோல இருந்தது. மேயர் சீல் தோலைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் எழுந்து போனார். நானும் கூப்பிடவில்லை. மூன்று முறை மேயராக இருந்தவர்! கடைசி நிமிடத்தில் தலைவரைப் பகைத்துக்கொள்ளப் பயந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். அரசாங்கத்தில் இந்த மாதிரி ஆட்களை நான் நூறு பார்த்திருக்கிறேன். காரிடாரில் சிங்கம், கூட்டத்தில் மௌனம்.

துணைவிதி ஒன்பதின்படி தோற்ற தீர்மானத்தை அந்த வருடத்தில் மறுபடி கொண்டுவர முடியாது. பாயிடம் சொன்னேன்.

"அப்ப இன்னும் ஒரு வருசம் கை காட்டணும்ங்குறீங்க."

"ஆமா பாய்."

"காட்டலாம் மேடம். எனக்கு எழுவத்தி நாலுதானே ஆவுது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைச் சுட்டது.

மூன்று வாரம் கழித்து, ஒப்புதலுக்கான நடவடிக்கைக் குறிப்பு தபாலில் வந்தது. பழக்கதோஷம், பேனாவை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். வாக்குப் பட்டியலில் மேயரின் பெயருக்கு நேரே 'பதில் இல்லை' என்று இருந்தது. சரி. அதற்கு மேலே என் பெயர். அதற்கு நேரே 'நோ'.

நான்கு முறை படித்தேன். பிறகு குளியலறைக்குப் போய் கண்ணாடி முன்னால் நின்று, அந்தக் குறிப்பெழுதும் பெண் உடைத்தபடியே என் பெயரைச் சொல்லிப் பார்த்து, அன்றைக்குப் பதில் சொன்னதுபோலவே பதில் சொன்னேன். என் வாய் திறக்கவில்லை. தலை மட்டும் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு, மிகுந்த கம்பீரத்தோடு, ஆடியது.

எம்.ஏ., முதல் வகுப்பு. துணைச் செயலாளராக ஓய்வு. 'ஆம்' என்று சொல்லத் தெரியவில்லை.

சிரிக்கத்தான் தொடங்கினேன், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. ஊரக வளர்ச்சித் துறையில் இருந்தபோது, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடு வந்த புதிதில், ஒரு ஊராட்சியை ஆய்வு செய்யப் போயிருந்தேன். தலைவர் ஒரு பெண். நாற்காலியில் அவர் கணவர் உட்கார்ந்திருந்தார். தீர்மானப் புத்தகத்தைக் காட்டி, "இதெல்லாம் நீங்க சம்மதிச்சுப் போட்ட கையெழுத்துதானா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அவர் கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அது ஆமாவா, இல்லையா, விட்டுவிடுங்கள் என்பதா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. வண்டிக்கு நேரமாகியிருந்தது. 'தலைவர் ஒப்புக்கொண்டார்' என்று எழுதினேன். ஆடிய தலைக்கு நான் 'ஆம்' போட்டேன், நியூ ஜெர்சிக்காரி 'இல்லை' போட்டாள். இரண்டு பேரும் அவரவருக்கு வசதியானதைத்தான் எழுதினோம்.

குறிப்பை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மகள் ஹெட்செட்டைக் கழற்றினாள்.

"எங்கம்மா?"

"மேயர் வீட்டுக்கு."

"ரெண்டு மைல் இருக்கும்மா. எனக்கு பதினொண்ணரைக்கு கால் முடிஞ்சிடும், டிராப் பண்றேன்."

"நீ உன் கால்ல இரு. நான் என் கால்ல போறேன்."

"அம்மா, ப்ளீஸ், அங்க போய் ரூல்ஸ் பேசாத. அவங்கல்லாம் வாலண்டியர்ஸ்."

"நானும் வாலண்டியர்தான்டி."

சாலையோரப் புல்லில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் ஒரு போலீஸ் கார் வந்து நின்றது. எனக்கு உடம்பு சரியாக இருக்கிறதா, வழி தவறிவிட்டேனா என்று போலீஸ்காரர் மரியாதையாகக் கேட்டார். அந்த ஊரில் நடந்து போகிற கிழவிக்கு அந்த இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். வேன் கிடைக்காததால் நடக்கிறேன், விரும்பினால் அதை எழுத்தில் தருகிறேன் என்றேன். அவர் விரும்பவில்லை.

மேயர் சமையலறைத் தரையில் ஒரு அட்டையை விரித்து, அதன்மேல் உறைந்த மீனை வைத்து, அரை நிலா வடிவத்தில் இருந்த கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். நான் சைவம் என்று அவருக்குத் தெரியும். அட்டையின் மறு ஓரத்தைக் காட்டினார். உட்கார்ந்தேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அடுத்தவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

குறிப்பை நீட்டினேன். படித்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் பதில் சொன்னேன்."

"எனக்குக் கேட்கவில்லையே."

"கேட்கிற பதில் இல்லை. இதுதான் எங்களுக்கு ஆம்." புருவங்களைத் தூக்கினார். "இது இல்லை." மூக்கைச் சுருக்கினார். காப்பி வாடை!

"ஆறு மாதமாக எனக்கு ஆம் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களா?"

புருவம் தூக்கினார். பிறகு என்னைக் கேட்டார். "உங்களுக்கு என்ன கோபம்? நீங்கள் இல்லை என்றுதானே ஓட்டுப் போட்டீர்கள். நான் பார்த்தேனே. தலையை ஆட்டினீர்கள்."

"அதுதான் எங்களுக்கு ஆம்."

அவர் கொஞ்ச நேரம் என் தலையையே பார்த்தார்.

"நான் எதைச் சொன்னாலும் மறுத்தீர்கள். மறுத்துவிட்டு விடாமல் கூடவே உட்கார்ந்திருந்தீர்கள். எங்கள் கவுன்சிலில் இப்படி ஒரு ஆள் இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்." அவர் தோள்கள் குலுங்கின. சத்தமே வராமல் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. நான் சத்தமாகவே சிரித்தேன்.

ஜன்னல் திட்டில் கல்லால் ஆன பிறை வடிவத் தட்டு ஒன்று இருந்தது. சீல் எண்ணெய் விளக்கு என்றார். பெண்கள் காக்கிற விளக்கு. பெரிய கூட்டங்கள் தொடங்கும்போது ஒரு வயதான பெண்ணைக் கூப்பிட்டு அதை ஏற்றச் சொல்வார்களாம்.

"எங்களிடமும் உண்டு. குத்துவிளக்கு."

"ஏற்றிய பிறகு?"

"பெண்களை உட்காரச் சொல்லிவிட்டு ஆண்கள் பேசுவார்கள்."

புருவம் தூக்கினார். இந்த முறை எனக்குப் படிக்கத் தெரிந்தது.

அவர்களுடைய பிரதேசம் தனியாக உருவாகவிருந்த சமயம், ஒரு யோசனை வந்ததாம். சட்டமன்றத்துக்கு ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு ஆண், ஒரு பெண் என்று இரண்டு பேர். பாதிக்குப் பாதி. பனியில் வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்டிருக்கிறார். ஜனங்களிடம் வாக்கெடுப்புக்கு விட்டார்கள், தோற்றுப்போயிற்று. எதிர்த்துப் பேசியவர்களில் பெண்களும் இருந்தார்களாம்.

"அப்புறம்?"

"அடுத்த வருடம் நான் மேயருக்கு நின்றேன்."

ஒதுக்கீடு கிடைத்தும் நாற்காலி கிடைக்காத அந்த ஊராட்சித் தலைவியைப் பற்றி அவரிடம் சொன்னேன். நான் எழுதிய குறிப்பையும் சேர்த்துத்தான் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் சொல்லவில்லை. "நீங்கள் காத்திருந்திருக்க வேண்டும்" என்றார். "எங்கள் கவுன்சிலில் கடைசி முகம் தெளிகிறவரை எழுதமாட்டேன். சில நாள் அரை மணி நேரம் யாரும் பேசமாட்டார்கள். நான் பேனாவைத் தூக்கமாட்டேன்."

என் திட்டத்தை விளக்கினேன். குறிப்பு இன்னும் ஏற்கப்படவில்லை. ஏற்கும் முன்னால் பிழையைத் திருத்தலாம். வாக்கில் பிழை என்றால் முடிவும் மாறும். நான்குக்கு மூன்று, வேன் நிற்கும். திருத்தலாமா என்று தலைவர் வாக்கெடுப்பார். "அப்போது நாம் இரண்டு பேரும் சத்தமாக, நன்றாக வாயைத் திறந்து, 'யெஸ்' என்று சொல்லிவிட வேண்டும். முடிந்தது."

மூக்கைச் சுருக்கினார்.

"ஒரே ஒரு வார்த்தை."

"பள்ளிக்கூடத்தில் இந்தப் புருவத்துக்காக அடி வாங்கியிருக்கிறேன். 'வாயைத் திற, யெஸ் சார் என்று சொல்.' பிரம்பு. ஏழு வயது எனக்கு. அன்றைக்குச் சொன்னேன். இனிமேல் சொல்லமாட்டேன். இந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் மேயராக இருந்தேன்."

"வேன் போய்விடும்."

"நான் பதில் சொன்னேன். அவர்கள் எழுதட்டும்."

ஒரு அதிகாரியாக நான் வாதாடியிருக்க வேண்டும். காரியம் முக்கியமா, கௌரவம் முக்கியமா என்று கேட்கும் பேச்சு எனக்கு மனப்பாடம், எத்தனையோ பேரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பாயின் சிரிப்பு வேறு நினைவுக்கு வந்தது. அவருக்கு எழுபத்து நான்கு. ஆனாலும் அந்தப் பேச்சு என் வாயில் வரவில்லை. ஏழு வயதுப் பெண்ணைப் பார்த்துப் பிரம்பை ஓங்குகிறவளாக எனக்கு நான் தெரிந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு மகள் கொண்டுபோய் விட்டாள். பாயும் கூட வந்தார், பார்வையாளர் நாற்காலியில் தொப்பியோடு உட்கார்ந்தார். பார்வையாளர் வரலாம் என்று துணைவிதி நான்கு சொல்கிறது. பதினோரு வருடத்தில் யாரும் வந்ததில்லை.

"கடந்த கூட்டத்தின் குறிப்பில் திருத்தம் உண்டா?" என்று வழக்கம்போல அடுத்த காகிதத்தைப் புரட்டியபடியே தலைவர் கேட்டார்.

"உண்டு."

சொன்னேன். என் வாக்கு 'ஆம்', இவருடைய வாக்கு 'ஆம்'.

"மேடம், குறிப்பில் இருப்பது அன்றைக்கு இங்கே பதிவானது."

"பதிவானது தவறு. அதனால்தான் அதற்குப் பெயர் திருத்தம்."

"புருவத்தையெல்லாம் வாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. நான் நிராகரிக்கிறேன்."

"நீங்கள் நிராகரிக்க முடியாது. குழு நிராகரிக்கலாம். விதி பன்னிரண்டு, உட்பிரிவு இரண்டு. வாக்குக்கு விடுங்கள்."

அவர் விதியைத் தேடினார். பதினோரு வருடமாகத் திறக்காத கோப்பு. பக்க எண் சொல்லி உதவினேன்.

திருத்தலாமா என்று பெயர் சொல்லி வாக்கு. குறிப்பெழுதும் பெண் பேனாவை எடுத்தாள். பேராசிரியர், யெஸ். பஸ் ஓட்டியவர், யெஸ். தலைவரின் ஆட்கள் இரண்டு பேரும் நோ. தலைவர் நோ. பிறகு என் பெயர், இரண்டாக உடைந்து.

'யெஸ்' நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் எனக்குப் போதும், என் ஒரு வாக்கு பத்திரம். ஆனால் நான் வாயைத் திறந்து சொல்லிவிட்டால், அந்த அறையில் வாய் திறக்காதவர் மேயர் ஒருவர்தான். தனியாக நிற்க வேண்டியிருக்கும். உதட்டை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன். இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு, மெதுவாக.

பேனா நின்றது. அந்தப் பெண் முதல்முறையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"ஆமாவா, இல்லையா?" என்றார் தலைவர்.

"பதில் சொல்லிவிட்டேன்."

மேயரின் பெயரைக் கூப்பிட்டாள். அவர் தையலைக் கீழே வைத்தார். அந்தப் பெண்ணை நேராகப் பார்த்து இரண்டு புருவத்தையும் தூக்கினார். இறக்கினார். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தார்.

யாரும் பேசவில்லை. தலைவர் ஏதோ தொடங்கினார். பஸ் ஓட்டியவர் "ஷ்" என்றார், நாற்பது பிள்ளைகளைப் பல வருடம் அடக்கிய ஷ். காப்பி இயந்திரம் குமிழ் விட்டது. ஒரு நிமிடம் போயிருக்கும், இரண்டு போயிருக்கும். அலுவலக வாழ்க்கை முழுவதும் நான் மௌனத்தைப் பார்த்தவுடன் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி மூடியிருக்கிறேன். மூடாமல் விட்ட மௌனத்துக்குள் அன்றைக்குத்தான் உட்கார்ந்திருந்தேன். வியர்த்தது.

அந்தப் பெண் குனிந்து எழுதினாள். ஒரு பெயருக்கு நேரே, பிறகு இன்னொரு பெயருக்கு நேரே.

"என்ன எழுதுகிறாய்?" என்றார் தலைவர்.

"யெஸ். இரண்டு பேரும்."

"அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே!"

"எனக்கு நான்கு பிள்ளைகள் சார். ஆம் என்று சொல்கிற முகம் எனக்குத் தெரியும். போன தடவை நான் தலையை நிமிர்த்தவில்லை. அது என் தவறு. அதையும் எழுதுகிறேன்."

எழுதினாள். அந்தக் குறிப்பின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'கேட்டு மட்டும் எழுதியதால் நேர்ந்த பிழை திருத்தப்பட்டது.' என் பணிக்காலம் முழுக்க இப்படி ஒரு நேர்மையான வாக்கியத்தை நான் ஒரு கோப்பில் எழுதியதில்லை, படித்ததும் இல்லை. நான்குக்கு மூன்று.

"மேடம், என்ன ஆச்சு? வருமா வராதா?" பின்னாலிருந்து பாய் கிசுகிசுத்தார். அவருக்கு ஆங்கிலம் பாதிதான் பிடிபட்டது.

நான் திரும்பித் தலையை ஆட்டினேன். கீழக்கரைக்காரருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அடுத்த மாதம் முதல் புதன்கிழமை பத்து மணிக்கு வெள்ளை வேன் எங்கள் வாசலில் நின்றது. பாய் பழக்கத்தில் கை காட்டினார், நின்ற பிறகும் காட்டிக்கொண்டே இருந்தார். ஒன்பது பேர் ஏறினோம்.

தலைவர் மனம் மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான், அவர் மாறவில்லை. அடுத்த தேர்தலில் மேயர் அந்தப் பதவிக்கு நின்றார். ஒரே ஒரு வாக்கில் தோற்றார். மூக்கைச் சுருக்கிவிட்டு, அதற்கடுத்த தேர்தலுக்கும் மனுப் போட்டார். அதில் ஜெயித்தார். முதல் கூட்டத்தில் முதல் காரியமாக, குழிந்த நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மடியில் கையுறை.

2009 வசந்தத்தில் பழைய தலைவருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்து, கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு புதன்கிழமை வேன் அவர் வீட்டு வாசலிலும் நின்றது. கறுப்புக் கண்ணாடியோடு தடவித் தடவி ஏறினார். காலியாக இருந்தது மேயருக்குப் பக்கத்து இருக்கை ஒன்றுதான். அவர் தன் தையல் பையை அதன்மேல் வைத்திருந்தார்.

"இங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா?"

மேயர் பதில் பேசவில்லை. பழைய தலைவர் குனிந்தார். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மேயரின் முகத்தை இத்தனை வருடத்தில் முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். டிரைவர் கண்ணாடி வழியாகக் கவனித்துக்கொண்டிருந்தார். வண்டியை எடுக்கவில்லை.

மேயர் மூக்கைச் சுருக்கினார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்லை என்கிறார்" என்று யாரும் கேட்காமலே எங்களுக்குச் சொல்லிவிட்டுப் பழைய தலைவர் உட்கார்ந்தார்.